கையைக் கடிப்பது ஆசையே!

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மாத முடிவில் கையைக் கடிப்பது தேவையா, ஆசையா என்பது வழக்கு. ஆசையே என்பது எங்கள் அணி.

எதிரணி அக்கா ஒரு பட்டியல் வாசித்தா. பிள்ளையின் படிப்புக்குப் போன், வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள், மின்கட்டணம். எல்லாம் தேவைதான். ஆனால் அக்கா, பொருளின் பெயரோடு விலையையும் சொல்லவேணும். சூம் வகுப்புக்கும் வாட்ஸ்அப்பில் வரும் பயிற்சித் தாளுக்கும் 40,000 ரூபாய்ப் போன் தாங்கும். வீட்டுக்கு வந்தது 120,000 ரூபாய்ப் போன். மிச்ச 80,000 ஆசை. பில் மட்டும் பிள்ளையின் படிப்பின் பேரில்.

அதையும் தவணைக்கு எடுத்தால்? "மாதம் 2 வீத வட்டிதானே" என்பார்கள். 12 மாதத்துக்கு வட்டி 28,800. மாதம் 12,400 கட்டவேணும். சூட்சுமம் இங்கேதான்: ஆறு மாதத்தில் கடன் தொகையில் பாதியைக் கட்டிவிடுவீர்கள், வட்டியோ இன்னமும் முழு 120,000க்கே ஓடும். குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது மாதம் மூன்றரை வீதத்துக்குக் கிட்ட.

மின்கட்டணத்துக்கு வருவோம். இலங்கையில் வீட்டுப் பாவனைக்கு மாதம் 60 அலகு வரை ஒரு கணக்கு. 61 ஆனால் கூடுவது அந்த ஓர் அலகின் விலை மட்டுமல்ல. முதல் அலகில் இருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். அந்த 61ஆவது அலகைக் கொண்டுவர ஒருவரும் பார்க்காமல் ஓடும் டிவி போதும்.

தேவை திடீரென்று வந்து அடிக்கிறதாம். மோட்டார் சைக்கிள் காப்புறுதியும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரமும் திடீரென்றா வருகின்றன? முடிவுத் திகதி தாளிலேயே கிடக்கிறது. அவற்றோடு பள்ளிக்கூடச் சப்பாத்து, கொப்பிச் செலவையும் கூட்டி 12ஆல் பிரித்து, சம்பளம் வந்த அன்றே வேறு வங்கிப் புத்தகத்தில் போட்டால் அவை வரும் மாதத்தில் சங்கிலி அடைவுக்குப் போகாது.

பிள்ளை பெரியவளானதுக்குச் செய்யும் சாமத்திய வீட்டைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை. பிள்ளைக்குத் தண்ணி வார்ப்பது முறை, அதை விடுவோம். (சபையில் வீடியோக்காரர் இருந்தால் மன்னிக்கவேணும்.) ஹோல், மேடைச் சோடனை, ட்ரோன், மூன்று உடுப்பு மாற்றம்: இந்தப் பில்களைத் தேவை நிரலில் எழுதுவதா, ஆசை நிரலிலா? அடுத்து வரும் எதிரணித் தம்பி அதைச் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும்.