குறை தெரிந்த பிறகும் ஒரு துப்பறியும் நாவலை ரசிக்க முடியுமா?

அடுத்த கேள்வி. ஜோசஃபின் டே எழுதி 1951-இல் வெளிவந்த ‘தி டாட்டர் ஆஃப் டைம்’ நாவலைத் தாம் மிகவும் ரசித்துப் படித்ததாகவும், அதன் வரலாறு ஒருதலைப்பட்சமானது என்று பிறகு அறிந்ததாகவும், இனியும் அதை நல்ல நாவல் என்று சொல்லலாமா என்றும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ‘கதைதானே’ என்று குறைகளைத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏனென்றால் இந்த நாவல் தன்னை ஒரு விசாரணையாகவே நம் முன் வைக்கிறது. கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ஆலன் கிராண்ட், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் படத்தைப் பார்க்கிறார். 1483-இல் லண்டன் கோபுரத்தில் தங்கவைக்கப்பட்டுக் காணாமற்போன அண்ணன் மகன்கள் இருவரையும் ரிச்சர்டே கொல்லச் செய்தார் என்ற பழி உண்மைதானா என்று படுக்கையிலிருந்தபடியே ஆராய்கிறார்.

முகத்தைப் பார்த்ததும் ‘இவர் கொலைகாரர் அல்லர்’ என்று அவருக்குத் தோன்றுகிறது. ரிச்சர்ட் 1485-இல் போர்க்களத்தில் இறந்தார். அந்தப் படமோ 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டப்பட்ட பிரதி. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ரிச்சர்டை வீழ்த்திய ஏழாம் ஹென்றி, நாடாளுமன்றத்தில் அவர்மீது சாட்டிய குற்றங்களில் சிறுவர் கொலை இடம்பெறவே இல்லை என்று நாவல் அடித்துச் சொல்கிறது. பெயர்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் குழந்தைகளின் இரத்தத்தைச் சிந்தியதாக அந்த ஆவணத்திலேயே ஒரு தொடர் இருக்கிறது. கிராண்ட் கட்டிய வாதத்தின் முக்கியமான தூணே அங்கு ஆட்டம் காண்கிறது.

இருந்தும் ஏன் ரசிக்கிறோம்? ஒரு பழைய சட்டத்திலிருந்து கொலைக்கான நோக்கத்தை உருவி எடுக்கும் அழகைப் பாருங்கள். ரிச்சர்டின் அண்ணன் நான்காம் எட்வர்டின் திருமணம் செல்லாது, அவருடைய பிள்ளைகளுக்கு அரசுரிமை இல்லை என்று 1484-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எட்வர்டின் மகள் எலிசபெத்தை மணக்கவிருந்த ஹென்றி, அதை அவையில் படிக்கக்கூட விடாமல் ரத்துசெய்து, பிரதிகளையும் அழிக்க ஆணையிட்டார். மணமகளுக்கு மீண்ட உரிமை அவளுடைய தம்பிகளுக்கும் மீண்டுவிடுகிறது அல்லவா? அவர்கள் உயிரோடிருந்தால் மூத்தவனே அரசன், ஹென்றிக்கு இடமில்லை. இது ஹென்றியைக் குற்றவாளி என்று நிரூபித்துவிடாது. நோக்கம் வேறு, சான்று வேறு. ஆனால் வறண்ட சட்ட வாசகம் ஒன்று கண்ணெதிரே துப்பாக மாறுகிற அந்தப் பரவசம் பொய்யல்ல. ரிச்சர்டுக்கான வாதங்களை ஹோரஸ் வால்போல் 1768-லேயே எழுதிவிட்டார் என்பதாலும் அது குறைவதில்லை. தன் கண்டுபிடிப்பு புதிதல்ல என்பதை நாவலே இறுதியில் ஒப்புக்கொள்கிறது.

ஆகவே மறுபடியும் படியுங்கள். இம்முறை கிராண்டையே விசாரியுங்கள். ரிச்சர்டைக் கொலைகாரராகச் சித்திரித்த தாமஸ் மோர், 1483-இல் ஐந்து வயதுக் குழந்தை என்று சொல்லி அவர் எழுதியதைக் கேள்விச் செய்தி என்று ஒதுக்குகிறாரே, அந்த இடத்தில் சற்று நில்லுங்கள். வளர்ந்து அரசவைக்கு வந்த மோருக்கு, அந்நாளில் வாழ்ந்தவர்களிடமே கேட்டறியும் வாய்ப்பு இருந்தது.