"ஒன்றுமில்லை" என்று சொன்ன ஆறு மாதம்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். காலி வீதி நெரிசலில் மாட்டுப்பட்டு, வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உளவளத்துணையாளராக வருவதற்கு முன்பு நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள். இப்போது என்னிடம் வருகிறவர்கள் கதிரையில் இருக்கும் முன்பே ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். "என்ர மனுசன் ஒரு நார்சிசிஸ்ட்." "மாமி நார்சிசிஸ்ட்." பதினாறு வயதுப் பிள்ளைகூட வகுப்புத் தோழியைப் பற்றி அப்படிச் சொல்கிறது. தன்னையே பெரிதாக நினைத்து மற்றவர்களைக் கணக்கெடுக்காதவர் என்ற பொருளில் கைபேசி சொல்லிக்கொடுத்த சொல். அது வந்ததில் எனக்கு வருத்தமில்லை. தனக்கு நடப்பதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் இருபது வருடம் வாழ்ந்த பெண்களுக்கு அது ஒரு பிடிமானமாக இருந்திருக்கிறது. எனக்குள்ள கவலை, அந்த விரல் எப்போதும் எதிரே இருப்பவரையே காட்டுகிறது என்பதுதான். "நான் அப்படியோ என்று பயமாக இருக்கிறது" என்று என்னிடம் வந்தவர்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கர்களின் பழங்கதையில் நார்சிசஸ் என்று ஓர் அழகன். தண்ணீரில் தன் முகத்தைக் கண்டு, அதை விட்டு நகர முடியாமல் அங்கேயே மாய்ந்து போகிறான். இது பலருக்கும் தெரிந்த பகுதி. அதே கதையில் எக்கோ என்று ஒரு பெண்ணும் இருக்கிறாள். மற்றவர் பேசியதன் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்ல மட்டும்தான் அவளால் முடியும். சொந்தமாக ஒரு சொல் கிடையாது. அவனை விரும்பி, அவன் தள்ளிவிட, உடம்பு கரைந்து குரலாக மட்டும் மிஞ்சுகிறாள். என்னுடைய அறையில் நான் அதிகம் சந்திப்பது எக்கோவைத்தான். "உங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "அவருக்குப் புட்டுத்தான் பிடிக்கும்" என்றார். நான் கேட்டது தன்னைப் பற்றி என்பதே அவருக்குப் படவில்லை.

கதையிலிருந்து இந்தச் சொல் மருத்துவத்துக்குள் வந்தது. 1914இல் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். 1968இல் ஹைன்ஸ் கோஹுட் என்ற உளப்பகுப்பாய்வாளர் இதை ஓர் ஆளுமைக் கோளாறாகப் பெயர் சொல்லி எழுதினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைந்நூலில் அது இடம்பிடித்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒன்பது அடையாளங்களைச் சொல்லி, குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்கிறது. ஓயாமல் பாராட்டுத் தேவைப்படுவது, தனக்கு மட்டும் விதி வேறு என்று நினைப்பது, காரியம் ஆகும்வரை மனிதர்களைப் பயன்படுத்துவது, பிறர் நோவைக் காண மனமில்லாதது, இவையெல்லாம் அதில் உண்டு. அதுவும் இளம் பருவத்திலேயே தொடங்கி, வீடு, வேலை, நட்பு என்று பல இடங்களில் விடாமல் தொடர வேண்டும். நேற்றுவரை அடக்கமாக இருந்தவர் ஒரு வாரமாக நித்திரையே இல்லாமல் "நான் இந்த நாட்டையே மாற்றப் போகிறேன்" என்றால், அது முற்றிலும் வேறொரு நோயாக இருக்கலாம். உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அமெரிக்காவில் ஏறக்குறைய 35,000 பேரிடம் நேர்முகமாக விசாரித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் இந்தக் கோளாறு உள்ளவர்கள் 6.2 வீதம். வேறு ஆய்வுகளில் இதைவிடக் குறைவு. ஆகவே உங்களை நோகடித்த எல்லோரும் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். ஆனால் குணங்கள் என்று பார்த்தால் கொஞ்சம் கொஞ்சம் எல்லோரிடமும் உண்டு. இன்று நான் கதைப்பது அந்தக் குணங்களைப் பற்றி.

இந்த மண்டபத்தில் கலியாண வயதில் பிள்ளைகள் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கனடாவில் செய்து 1998இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஒருவரை ஒருவர் தெரியாத மாணவர்களைச் சிறு குழுக்களாக இருத்தி, வாரம் ஒருமுறை என்று ஏழு தடவை சந்திக்க விட்டார்கள். தன்னை உயர்த்திக் காட்டும் குணம் கூடியவர்கள் முதல் சந்திப்பில் எல்லோருக்கும் பிடித்தவர்களாக இருந்தார்கள். கெட்டிக்காரர், கலகலப்பானவர் என்று பெயர் வாங்கினார்கள். ஏழாவது சந்திப்பில் அதே ஆட்கள் அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றார்கள். ஏழு சந்திப்பு! நாங்கள் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை லண்டனிலிருந்து இரண்டு கிழமை லீவில் வருகிறார். பம்பலப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் ஒரு தேத்தண்ணி. "நல்லாக் கதைக்கிறார், வடிவா உடுத்தியிருக்கிறார்" என்று கலியாண எழுத்துக்கு நாள் வைத்துவிடுகிறோம். முதல் சந்திப்பில்தான் இந்தக் குணம் மிக அழகாக இருக்கும். பெற்றோரே, தயவுசெய்து பிள்ளைகளுக்கு ஏழாவது சந்திப்புக்கு நேரம் கொடுங்கள்.

காதலிக்கிற பிள்ளைகளுக்கும் அதேதான். இரண்டாவது வாரமே "உன்னைப் போல உலகத்தில் ஒருத்தியுமில்லை" என்று ஒருவர் உருகினால், ஒரு சின்ன விஷயத்தில் "இல்லை, எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு வரும் ஒரு மணித்தியாலத்தைக் கவனியுங்கள். ஏமாற்றம் எல்லோருக்கும் வரும். அந்த ஏமாற்றம் உங்களுக்குத் தரும் தண்டனையாக மாறுகிறதா என்பதைப் பாருங்கள். நான் பெரிதும் நம்பும் அளவுகோல் இதுதான். ஒரு மனிதரை மாலை போடும்போது அறிய முடியாது. "நீங்கள் செய்தது எனக்கு நொந்தது" என்று சொல்லும்போது அறியலாம்.

பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் கண்டதைச் சொல்கிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, இறந்தவருக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தது தான், வீடு வாங்கப் பிணை நின்றது தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிச் சொல்லிக் கண் கலங்கி, கடைசியில் கணவனை இழந்த அந்தப் பெண் எழும்பி வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னார். அந்தக் காட்சி எனக்கு மறக்காது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அநியாயம். இதே வெள்ளவத்தையில் ஒரு பெரியவர் இருக்கிறார். போகிற வருகிற எல்லோரிடமும் 1983 யூலைக் கலவரத்தில் எரிந்துபோன தன் வீட்டைப் பற்றியே சொல்வார். எத்தனை அறை, என்ன மரத்தில் கதவு, அலுமாரியில் எத்தனை புத்தகம். பேத்தி என்னிடம் கேட்டாள், "தாத்தா நார்சிசிஸ்டா அன்ரி? எப்பவும் தன்ர கதைதான்." இல்லை மகள். அவர் கேட்பது பாராட்டை இல்லை, சாட்சியை. நீ இருமினால் அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கொத்தமல்லி அவிக்கச் சொல்வார், கவனித்துப் பார். எங்கள் சனத்தில் இழந்தவர்கள் நிறைய. இழந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வதும், மிஞ்சிய கௌரவத்தை இறுக்கிப் பிடிப்பதும் துக்கத்தின் வேலை. அதற்கு இந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள்.

சரி, வீட்டில் உண்மையாகவே அப்படி ஒருவரோடு இருப்பவர்கள் என்ன செய்வது? அவருக்குப் பெயர் சூட்டுவதால் எதுவும் மாறாது. சண்டை கூடும், அவ்வளவுதான். எதை ஏற்பீர்கள், எதை ஏற்கமாட்டீர்கள் என்று சுருக்கமாக, கோபமில்லாமல் சொல்லுங்கள். விளக்கம் நீண்டால் அதற்குள் புகுந்து வாதாடுவார். உங்கள் சம்பளம், உங்கள் தோழி, உங்கள் அம்மாவோடு பேசும் நேரம், இவற்றை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்காதீர்கள். எக்கோ ஒரே நாளில் கரையவில்லை. அவமானமும் மிரட்டலும் தொடர்கதையாகிவிட்டால் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. கடுமையாக, தொடர்ந்து இழிவுபடுத்தும் உணர்வு ரீதியான துன்புறுத்தலும் அதில் அடங்கும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்தையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.

மற்றவர்களைப் பற்றி இவ்வளவு போதும். எங்களைப் பற்றிக் கதைப்போம்.

"நான் அப்படியோ என்று நீ யோசித்தாலே நீ அப்படியில்லை" என்று ஒரு ஆறுதல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நான் அதை நம்பவில்லை. 2014இல் வெளிவந்த 11 ஆய்வுகளில், 2,200க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்கள். சொல்லின் பொருளை விளக்கிவிட்டு, "நான் ஒரு நார்சிசிஸ்ட் என்பது எந்த அளவுக்கு உண்மை?" அந்த ஒரு பதிலே நாற்பது கேள்விகள் கொண்ட பழைய அளவுகோலோடு ஓரளவு ஒத்துப்போனது. கேட்டால் சொல்கிறார்கள். நாங்கள்தான் எங்களைக் கேட்பதில்லை.

இந்தக் குணத்தில் சத்தமில்லாத ஒரு வகையும் உண்டு. பெருமை பேசாது, மேடை கேட்காது. "நான் இந்தக் குடும்பத்துக்காகத் தேய்ந்தேன், ஒருவருக்கும் கண் தெரியவில்லை" என்று உள்ளே ஒரு கணக்குக் கொப்பி வைத்திருக்கும். சின்னப் புறக்கணிப்பும் அதில் பதியப்படும். தியாகம் செய்கிற எல்லோரையும் நான் சொல்லவில்லை. அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் ஒன்று வைத்திருந்தேன்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் வீட்டில் வைத்துக் காசு வாங்காமல் உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். மருத்துவ பீடம் கிடைத்தது. பாராட்டு விழா வைத்தார்கள். புதுச் சேலை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். பிள்ளை பேசியது. அப்பா, அம்மா, பாடசாலை, கோயில் ஐயா, எல்லோருக்கும் நன்றி சொன்னது. என் பெயர் வரவில்லை. நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அனுப்பும் செய்திகளுக்கு "ம்", "சரி" என்று பதில் போட்டேன். ஒருநாள் நேரே வந்து கேட்டது, "டீச்சர், நான் ஏதும் பிழை விட்டனானோ?" நான் சிரித்துக்கொண்டு, "ஒன்றுமில்லை" என்றேன்.

ஆறு மாதம் அந்த "ஒன்றுமில்லை"யை வைத்துத் தண்டித்தேன். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, ஒருவரிடமும் குறை சொல்லவில்லை. என்னை நானே பெருந்தன்மையானவள் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு உளவளத்துணைப் பயிற்சியில், நாங்கள் நோகடித்த ஒருவரின் பக்கத்திலிருந்து, அவருடைய வாயால் நடந்ததை எழுதச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையாக இருந்து இரண்டு வரி எழுதும்போதே எனக்குக் கை நின்றுவிட்டது. இங்கிலாந்தில் 2014இல் இதைப் போலவே ஒன்றைச் சோதித்திருக்கிறார்கள். இந்தக் குணம் கூடியவர்களுக்குத் துன்பப்படும் ஒரு பெண்ணின் காணொளியைச் சும்மா காட்டினால் மனம் அசையவில்லை. "அவளுடைய இடத்தில் இருந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் காட்டியபோது இரக்கம் கூடியது. இதே ஆய்வின் இன்னொரு சோதனையில் இதயத் துடிப்பும் கூடியது. கோளாறாகவே முற்றியவர்களுக்கு இது போதாது, நீண்ட கால உளச்சிகிச்சை வேண்டும். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது.

பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. நெதர்லாந்தில் 7 முதல் 11 வயது வரையான 565 பிள்ளைகளையும் பெற்றோரையும் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. "என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட மேல்" என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் தன்மோகம், அதாவது நான் சொல்லும் இந்தக் குணம், வளர்ந்தது. வெறுமனே அன்பு காட்டிய பெற்றோரின் பிள்ளைகளிடம் தன்மதிப்பு வளர்ந்தது. பெறுபேறு வந்த அன்று ஒன்பது ஏ எடுத்த பிள்ளையைத் தோளில் தூக்குகிறீர்கள். நான்கு ஏ எடுத்த பிள்ளைக்கும் அன்றிரவு அதே முகத்தோடு சாப்பாடு போடுங்கள்.

என்னிடம் உயிரியல் படித்த அந்தப் பிள்ளைக்கு, பயிற்சி முடிந்த பிறகு, நானே தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்க எடுத்தவள், "நான் உனக்காக எவ்வளவு..." என்று தொடங்கிவிட்டேன். என் காதிலேயே அது விழுந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். "விழாவில் என் பெயர் சொல்லவில்லை என்று உன்னோடு கோபித்தேன். நீ கேட்டபோது ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பிள்ளை சொன்னது:

"நான் மூன்று தரம் உங்கட வீட்டு ஒழுங்கை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனனான், டீச்சர்."

அந்த ஆறு மாதத்தில் மூன்று தரம். நான் உள்ளே இருந்திருக்கிறேன்.