ஞாயிறு காலை விசில்: நான் தப்பாக ஊதிய அந்த ஆஃப்சைடு

வணக்கம் மக்களே. இன்று கேமராவை கார் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் பேசுகிறேன். வெளியே நல்ல மழை, கூரையில் விழும் சத்தம் உங்களுக்கும் கேட்கும். பூட்ஸைக்கூட இன்னும் கழற்றவில்லை. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கால்பந்து ஆட்டம் ஒன்றை இப்போதுதான் நடத்தி முடித்தேன். புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது லண்டனில். வார நாட்களில் எனக்கு வேறு வேலை. ஞாயிறு காலையில் மட்டும் கறுப்புச் சட்டையும் விசிலுமாகப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவேன். நாலு வருஷமாக ரெஃப்ரி.

இன்றைய ஆட்டம் அமைதியாகவே முடிந்தது. நான் பேச வந்தது போன மாதம் நடந்த ஒன்றைப் பற்றி. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், இன்று சொல்லிவிடுகிறேன்.

அன்று எனக்கு அது இரண்டாவது ஆட்டம். இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு கோல். முடிய ஏழெட்டு நிமிடம்தான் இருக்கும். பக்கக்கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை ஒரு பையன் கையால் நீளமாக உள்ளே எறிந்தான், அதுதான் த்ரோ-இன். தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரையும் தாண்டி இன்னொரு பையன் தனியாக நின்றிருந்தான். பந்தை வாங்கினான், உள்ளே தள்ளினான். பந்து வலைக்குள் போனதும் நான் விசிலை ஊதிக் கையைத் தூக்கிவிட்டேன். ஆஃப்சைடு.

கால்பந்து தெரிந்தவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சக ஆட்டக்காரன் பந்தை உதைக்கும் நொடியில், எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி கோல் பக்கம் நிற்பவன் அந்தப் பந்தை வாங்கினால் அது ஆஃப்சைடு, கோல் செல்லாது. த்ரோ-இன்னில் ஆஃப்சைடு கிடையாது. கார்னரிலும் கோல் கிக்கிலும்கூடக் கிடையாது. பயிற்சி வகுப்பில் ஆஃப்சைடு என்று எடுத்ததுமே சொல்லித்தரும் விஷயம் இது. அந்தப் பையன் தனியாக நின்றதை மட்டும்தான் என் கண் பார்த்தது. பந்து எங்கிருந்து வந்தது என்பதை மூளை விட்டுவிட்டது.

ஊதிய இரண்டாவது நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, மக்களே. விதிப்புத்தகமும் எனக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆட்டத்தை மறுபடி தொடங்கும்வரை நடுவர் தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம். பந்து கோட்டைத் தாண்டும் முன்பே விசில் அடித்திருந்தால் அந்தக் கோலைத் திருப்பித் தர முடியாது. நான் ஊதியது தாண்டிய பிறகு. மன்னிப்புக் கேட்டுவிட்டு மையக்கோட்டைக் காட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்குள் அந்தப் பையனின் அணிக் கோச் மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார். "ரூல் தெரியாமல் எதற்கு வருகிறாய்?" என்று முகத்துக்கு நேரே கத்துகிறார். அவர் பின்னால் பெற்றோர் ஆறேழு பேர். ஒருவர் சொன்ன வார்த்தையை இங்கே சொல்ல மாட்டேன். இன்னொருவர், இந்த ஆட்டமெல்லாம் உங்கள் ஊரில் உண்டா என்று கேட்டார். அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இப்போது முடிவை மாற்றினால், கத்தினால் கோல் கிடைக்கும் என்று இந்தப் பக்கம் கற்றுக்கொள்ளும். எதிர்ப்பக்கம் அடுத்த நிமிடமே கத்தத் தொடங்கும். அந்தப் பயத்திலும் ரோஷத்திலும் தவறென்று தெரிந்தே ஃப்ரீ கிக் கொடுத்தேன்.

ஒரு கோலில் அந்த அணி தோற்றது. முடிந்ததும் அந்தப் பையன் என்னிடம் வந்தான். "ரெஃப், நான் எங்கே நின்றிருக்கணும்?" என்று கேட்டான். கோபமே இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வந்திருந்தான். "நீ நின்ற இடம் சரி தம்பி, தப்பு என்னுடையது" என்றேன். கோச்சிடமும் சொல்லத் தேடினேன். அவர் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அன்றிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். நடுவரைக் கேள்வி கேட்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. என்னைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கத்தல்தான், திருத்தியிருக்கக்கூடிய ஒரு தவறைத் திருத்த விடாமல் செய்தது. கோச் இரண்டடி தள்ளி நின்று, "ரெஃப், அது த்ரோ-இன்" என்று மூன்றே வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தப் பையனுக்குக் கோல் கிடைத்திருக்கும். கத்தியவர்களிடம் நியாயம் இருந்தது. மாற்றாமல் போனதற்கு அது சாக்கு ஆகாது, அந்தப் பொறுப்பு என்னுடையதுதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2012 டிசம்பர் 2, அல்மேரே என்ற ஊரில் பதின்ம வயதுப் பையன்களின் ஆட்டம். கீழ்மட்டத்தில் அங்கே லைன்ஸ்மேனை, அதாவது கோட்டோரத்தில் கொடி காட்டும் உதவி நடுவரை, கிளப்பே கொடுக்க வேண்டும், யாராவது ஓர் அப்பா கொடியைப் பிடிப்பார். நம் ஊர்த் தெரு கிரிக்கெட்டில் பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நிற்பானே, அதே மாதிரி. எல்பிடபிள்யூவே வேண்டாம் என்று நாம் வைத்திருந்ததற்குக் காரணமும் அதுதான், நம் ஆள் கையைத் தூக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அல்மேரேயில் அன்று கொடி பிடித்தவருக்கு 41 வயது. அவர் மகனும் அதே ஆட்டத்தில் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த அணிப் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். எழுந்து நடந்தவர் சில மணி நேரத்தில் மயங்கி விழுந்தார், மறுநாள் இறந்துபோனார்.

அடுத்த வார இறுதியில் நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை நிறுத்திவிட்டார்கள். 2013 ஜூனில் தீர்ப்பு வந்தது. ஆறு பையன்களுக்குச் சிறார் காவல் தண்டனை. அவர்களில் ஒருவனின் அப்பாவுக்கு ஆறு வருடச் சிறை. ஆமாம், ஒரு அப்பாவும் சேர்ந்துதான் உதைத்திருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் ஆறாத இடம் இதுதான். அந்தக் கோட்டோரத்தில் அன்று ஒரு பெரியவர் "விடுங்கடா" என்று பையன்களை இழுத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தும் ரொம்ப வித்தியாசமில்லை. 2023 பிப்ரவரியில் பிபிசி ரேடியோ 5 லைவ் நடத்திய ஆய்வில் 927 நடுவர்கள் பதில் சொன்னார்கள். 293 பேர் தங்கள் மேல் கைவைத்திருக்கிறார்கள் என்றார்கள். 57 பேருக்குக் கொலை மிரட்டல். இவர்கள் பெரும்பாலும் என்னைப் போல வார இறுதியில் பூங்காவில் ஊதுகிறவர்கள். இங்கே 14 வயதிலேயே நடுவர் பயிற்சிக்குச் சேரலாம். உங்கள் முன்னால் விசிலோடு நிற்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம், அடுத்த முறை வாயைத் திறக்கும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதைத் தடுக்க இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தில் என்ன செய்திருக்கிறார்கள்? 2019-20 பருவத்திலிருந்து கீழ்மட்ட ஆட்டங்களில் நடுவரிடம் எதிர்த்துப் பேசினால் மஞ்சள் அட்டையோடு 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். சின் பின் என்பார்கள். முன்னோட்டமாகப் பார்த்த 31 லீக்குகளில் அந்த வாக்குவாதம் 38 சதவீதம் குறைந்தது. நான் பார்த்தவரையில் இது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் தண்டனை அந்த இடத்திலேயே, அணித்தோழர்கள் கண்முன்னால் விழுகிறது. அப்புறம், கடுமையான அத்துமீறலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பெரியவர் அணிகளுக்கு 3 முதல் 12 புள்ளிவரை வெட்டுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது உடல் கேமராதான். 2023 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ என்ற ஊரில் தொடங்கி, சுமார் 100 நடுவர்களின் நெஞ்சில் மாட்டிப் பார்த்தார்கள். நடுவருக்குப் பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் பேசினார்கள். என் கணக்கில் அது இரண்டு பக்கமும் பார்க்கும். என்னைத் திட்டியவர் பேசுவதும் பதிவாகும், நான் பேசுவதும் பதிவாகும். பிள்ளைகளிடம் எடுத்தெறிந்து பேசும் நடுவர்கள் இருக்கிறார்கள். புது விதிகளைப் படிக்காமலே வருஷக்கணக்கில் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் யாராவது பார்க்க வேண்டாமா?

இப்போது இருப்பது மார்க் முறை. ஆட்டம் முடிந்ததும் கிளப்புகள் எனக்கு 100-க்கு இத்தனை என்று மார்க் போடும். ஜெயித்தவர்கள் அள்ளிப் போடுவார்கள், தோற்றவர்கள் குறைத்துப் போடுவார்கள். அதிலிருந்து நான் என்ன கற்றுக்கொள்வது? எனக்கு வேண்டியது, மாதம் ஒருமுறையாவது அனுபவமுள்ள ஒரு மூத்த நடுவர் ஓரத்தில் நின்று பார்த்து, "அங்கே நீ நின்ற கோணம் தப்பு, த்ரோ-இன்னில் பந்து வந்த இடத்தை முதலில் பார்" என்று சொல்வது. கிளப் எழுதி அனுப்பும் புகாருக்கு லீக்கிலிருந்து எழுத்தில் பதில் போவது. தவறு என்றால் தவறு என்று அதில் இருப்பது. விசிலுக்குக் கணக்குக் கேட்கும் ஒரு இடம் இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்தால், கோட்டோரத்திலேயே அந்தக் கணக்கைத் தீர்க்கும் வேகம் கொஞ்சமாவது தணியும் என்று நம்புகிறேன்.

மேலே யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதால், நேற்று ராத்திரி நானே லீக்குக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தேதி, நிமிடம், த்ரோ-இன், என் தவறு, கோச் உள்ளே வந்தது, பெற்றோர் பேசியது, எல்லாம் ஒரே கடிதத்தில். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று பட்டது. பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அதே அணிக்குத்தான் எனக்கு ஆட்டம் போட்டிருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு. அரை மணி நேரம் முன்பே போய் அந்தக் கோச்சைப் பார்க்கப் போகிறேன். அந்தக் கோல் கோல்தான் என்று முதலில் சொல்வேன். அதற்கப்புறம் பேச வேண்டியதையும் பேசுவேன். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, நான் கிளம்புகிறேன். வருகிறேன், மக்களே.