ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேர் சண்டை

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கும் சத்தத்துக்கு மன்னிக்கணும், பக்கத்திலேயே மரம் அறுக்கும் மில். செங்கோட்டையில் எங்கே கேமராவை வைத்தாலும் இந்தச் சத்தம் வந்து சேர்ந்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர். இந்தப் பக்கம் வரிசையாக மரக்கடைகள். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊரே மலையாளச் சீமையோடுதான் இருந்தது. நான் பார்க்க வந்திருக்கும் ஆசாரி இன்னும் பலாவைப் ‘பிலாவு’ என்றுதான் சொல்வார்.

விஷயம் இதுதான். ஓவியம் வரையும் அக்கா ஒருவரும் இந்த ஆசாரியும் சேர்ந்து ஆறு மாதமாக நாற்காலி செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் மாதிரி இல்லை. செய்து பார்ப்பது, உடைப்பது, மறுபடி செய்வது. இதுவரை முழுசாக நிற்பது ஒன்றே ஒன்று. இதோ, இதுதான். கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன்.

கால்களும் சட்டமும் பலா. அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, நாளாக ஆகத் தேன் நிறத்துக்கு வரும் மரம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் குடைவது இதைத்தான். உட்காரும் இடத்தில் பிரம்பு இல்லை, பத்தமடைக் கோரை. இந்தக் கோரையில்தான் முதல் சண்டை.

அக்கா ஆரம்பத்தில் என்ன செய்தார் என்றால், நெய்து முடித்த பாயை வாங்கி, அளவுக்கு வெட்டி, சட்டத்தின் மேல் மடித்து ஆணி அடிக்கச் சொன்னார். ஆசாரி, ‘நிக்காது தாயி’ என்றார். அக்கா கேட்கவில்லை. அடித்தார்கள். ஒரே மாதத்தில் மடிப்பு விழுந்த இடத்தில் கோரை நொறுங்கி, வெட்டின ஓரத்தில் நூல் பிரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. ஈரமாக இருக்கும்போது கோரை வளையும். காய்ந்த பிறகு கூரான விளிம்பில் மடித்தால் ஒடியும். அவ்வளவுதான் விஷயம். ஆசாரிக்கு அது கையில் தெரியும், வாயில் சொல்ல வராது. அக்காவுக்கு எல்லாம் சொல்ல வரும், கை பழகியிருக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் ஒரு பழைய புகைப்படத்தை அவர்களிடம் காட்டினேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, மறைக்க மாட்டேன். 1921இல் ஜெர்மனியில் கலையும் கைவினையும் கற்பித்த பௌஹவுஸ் பள்ளியில் மார்செல் பிராயர் என்ற இளைஞர் மரத்தில் ஒரு நாற்காலி செய்தார். குண்டா ஷ்டோல்ஸல் என்ற நெசவுக்காரப் பெண் அதற்கு நெய்தார். துணியை நெய்து கொண்டுவந்து ஒட்டவில்லை. சட்டத்திலேயே துளை போட்டு, அதில் பாவு நூலை, அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் நூலைக் கட்டி, நாற்காலியையே தறியாக்கிவிட்டார்கள். பல காலம் அது காணாமலே போய், போட்டோ மட்டும் மிஞ்சியிருந்தது. 2004இல்தான் திரும்பக் கிடைத்தது.

ஆசாரி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். ‘இவன் மரத்தைச் செஞ்சிட்டு அவளைக் கூப்பிடல. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து செஞ்சிருக்காங்க’ என்றார். அடுத்த நாளே முன் சட்டத்திலும் பின் சட்டத்திலும் வரிசையாகத் துளை, துளைக்குத் துளை பாவு நூல். உள் விளிம்பை எல்லாம் உளியால் உருட்டிவிட்டார். அக்கா நனைத்த கோரையைக் குறுக்கே ஒவ்வொன்றாகக் கோர்த்தார். நூல் மட்டும் ஆள் பாரத்தைத் தாங்காது, தொய்ந்துவிடும் என்று அடியில் மூன்று மெல்லிய சட்டங்களைக் கொடுத்தது ஆசாரியின் யோசனை. குனிந்து பார்த்தால்தான் தெரியும், இதோ.

அப்புறம் இந்த வெடிப்பு. முதுகுப் பலகையில் மேலிருந்து கீழே ஓடுகிறது பாருங்கள். கடைக்காரர்கள் இந்தப் பலகையைத் தள்ளிவிட்டார்கள். அக்கா அதற்காகவே வாங்கி வந்தார். ஆசாரிக்கு அது பெரிய அவமானம். ‘வெடிச்ச பலகையில நான் செஞ்சேன்னு ஊர்ல சொல்லவா?’ என்று இரண்டு நாள் பட்டறைக்கே வரவில்லை. ஜார்ஜ் நகாஷிமா என்ற மரவேலைக்காரர் அமெரிக்காவில் வெடிப்பை மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் கட்டை பதித்து, அது மேலும் ஓடாமல் பிடித்துவைப்பார். அவர் நமக்கு அந்நியமும் இல்லை. 1930களின் கடைசியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டவர். அங்கே அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார்கள். அவரே கட்டடக்கலை படித்துவிட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா தன் நாட்டிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாமில் ஒரு தச்சரிடம்தான் வேலையை முறையாகக் கற்றுக்கொண்டார். இந்தக் கடைசி வரி ஆசாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் ஈட்டி மரத்தில் இரண்டு பூச்சி செதுக்கி எடுத்து வந்தார். நகத்தை வைத்தாலும் இடைவெளி தெரியாது.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சாரல் நேரத்தில் இதே பட்டறையில் எனக்கு ஒரு சின்ன மேசை செய்யச் சொன்னேன். ‘ஓணம் முடிஞ்சு செய்வோம், பலகை காயட்டும்’ என்றார் அவர். நான்தான் அவசரப்படுத்தி, மேல்பலகையை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டவைத்து, சென்னைக்குக் கொண்டுபோய் ஏசி அறையில் போட்டேன். ஒரு ராத்திரி பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். மரம் நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம், அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சுருங்க இடம் கொடுக்காமல் கட்டிப்போட்டால் அதுவே வழி தேடிக்கொள்ளும்.

இன்னொரு வயிற்றெரிச்சல். இந்த நாற்காலியை ஒரு கண்காட்சியில் வைத்தார்கள், எது என்று சொல்லப்போவதில்லை. அட்டையில் அக்காவின் பெயர் மட்டும். அக்கா சண்டை போட்டு மாற்றவைத்தார். ஆசாரி என்னவோ சிரித்துக்கொண்டே, ‘கல்யாணப் பத்திரிகையில சமையக்காரன் பேரையா போடுவாங்க?’ என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டிகர் நகரத்துக்காகச் செய்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் இன்று வெளிநாட்டு ஏலங்களில் பெரிய விலைக்குப் போகின்றன. அங்கே சொல்வது பியர் ஜானரே என்ற கட்டடக் கலைஞரின் பெயரை. உளி பிடித்த கைகளுக்குப் பெயரே இல்லை.

சரி, இப்போதைய சண்டைக்கு வருவோம். அக்காவுக்குக் கால்களில் நீலம் பூசணும். ஆசாரிக்குப் பிலாவு மேல் பெயின்ட் அடிப்பது பாவம், எண்ணெய் மட்டும் போதும். நான் நடுவில் புகுந்து, ‘அண்ணாச்சி, நெதர்லாந்தில் ரீட்வெல்ட் என்ற தச்சர் செய்த சிவப்பு, நீல நாற்காலி உலகப் பிரசித்தம். 1918 வாக்கில் செய்தபோது அதிலும் வண்ணம் கிடையாது, 1923 வாக்கில்தான் பூசினார்’ என்றேன்.

அவர் விரலை மடக்கி எண்ணினார்.

‘அப்போ அஞ்சு வருசம் கழிச்சு வாங்க தம்பி. பேசுவோம்.’