பென்சில் புள்ளி

(சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், என் அம்மாவின் அம்மாவான ஆச்சி வேலை பார்த்த தொடக்கப் பள்ளியின் வேப்பமரத்தடியில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அண்ணாச்சி எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். அவரும் ஆச்சியிடம் படித்தவர்தான். நேரம் தாண்டினால் மணியை அடித்துவிடுவார் என்று தெரியும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் டீச்சரம்மா ஒரு தெய்வம் என்றார்கள். நான் அந்தத் தெய்வம் வைத்த சொதியைச் சாப்பிட்டு வளர்ந்தவள். உப்பு ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவார். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவார். என் கல்யாணப் பத்திரிகையில் 'கோயிலுக்கு அருகாமையில்' என்று அச்சடித்திருந்தோம். 'அருகாமைன்னா பக்கத்துல இல்லாமைன்னுல்லா ஆகும்? ஆளுக எங்க போய்ச் சாப்பிடுவாவ?' என்று கேட்டு, வீட்டில் மிச்சமிருந்த நூறு பத்திரிகையிலும் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்தினார். மாப்பிள்ளை வீட்டுக்கும் அப்படித்தான் போனது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேடை என்பதால்தான் 'அவர்' என்கிறேன். வீட்டில் 'ஆச்சி எங்க போயிட்டா?'தான்.

நான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இந்த மேசையில் படத்துக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்ட ஒரு பழைய நோட்டு இருக்கிறது, பாருங்கள். அதைப் பற்றி.

ஆச்சி எட்டாம் வகுப்பு முடித்து, பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அந்தக் காலத்தில் அதற்கு 'ஹையர் கிரேடு' என்று பேர். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்பார்கள். அங்கே சாரா டக்கர் பெயரில் கல்லூரி இருக்கிறதல்லவா, 1895இலிருந்து நடப்பது? அந்தச் சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இங்கிலாந்தில் இருந்துகொண்டு நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கவலைப்பட்ட பெண். ஆச்சிக்கு அது பெரிய ஆச்சரியம். 'ஒரு வாட்டி கூட பாக்காத பிள்ளைகளுக்காவ ஒருத்தி கவலப்பட்டிருக்கா. நமக்கு அடுத்த தெருவுக்குப் போக என்ன?' என்பார்.

அவர் பயிற்சிக்குச் சேர்ந்த சமயத்தில்தான் ராஜாஜியின் 1953ஆம் வருஷத் திட்டம் வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு நேரம் படிப்பு, மறு நேரம் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பேர் வாங்கி, அடுத்த வருஷமே காமராஜர் முதலமைச்சரானதும் போய்விட்டது. ஆனால் போனது காகிதத்தில்தான் என்பது ஆச்சியின் கட்சி. வேலைக்கு வந்த முதல் வாரமே அதைத் தெரிந்துகொண்டாராம். காலையில் வந்த பிள்ளை மத்தியானம் இருக்காது. மாட்டுக்குப் போயிருக்கும், தம்பியைப் பார்க்கப் போயிருக்கும், பீடிக்குப் போயிருக்கும்.

அங்கேதான் புள்ளி வருகிறது. காலையில் பேர் வாசிப்பார். வந்த பிள்ளைக்கு மையால் கோடு. வராத பிள்ளையின் கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். சாயங்காலம் மணி அடிக்கிற வரை அதை மையாக்க மாட்டார். பதிவேட்டைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்பது விதி. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். அதற்கு ஆச்சி சொன்ன பதிலை எங்கள் வீட்டில் எல்லாருமே மனப்பாடமாகச் சொல்லுவோம்.

'மெய்யெழுத்துக்கு எதுக்கு சார் புள்ளி வைக்கோம்? உயிர் இன்னும் வந்து சேரலன்னு காட்டத்தான. உயிர் வந்துட்டா புள்ளிய எடுத்துருவோம்லா. பிள்ள மத்தியானத்துக்குள்ள வந்துரும் சார்.'

அவர் சிரித்தாரா, குறிப்பாணை கொடுத்தாரா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி உண்டு.

மத்தியானம் பெல் அடித்ததும் ஆச்சி கிளம்பிவிடுவார். புள்ளி விழுந்த வீடு ஒவ்வொன்றாக. வெயிலுக்குச் சேலைத் தலைப்பு, கையில் அந்தப் பிள்ளையின் சிலேட்டு. சிலேட்டைப் பிள்ளைகள் கோவை இலையும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்த்துக் கறுப்பாக்குவார்கள். வராத பிள்ளையின் சிலேட்டை ஆச்சியே தேய்த்து எடுத்துப் போவார். அதனால் பாதி நாள் அவர் கை பச்சையும் கறுப்புமாகத்தான் இருக்கும்.

1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். எட்டயபுரம் அப்போது நம் திருநெல்வேலி ஜில்லாதான். 1986இல்தான் அந்தப் பக்கம் தனி மாவட்டமானது. மாடு மேய்த்த ஒரு பையனிடம் காமராஜர் 'ஏன் பள்ளிக்கூடம் போகல?' என்று கேட்க, 'சோறு போடுவீயளா?' என்று அவன் திருப்பிக் கேட்டது நம் சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில்தான் என்று இங்கே சொல்வார்கள். ஆச்சி அதை முழுசாக நம்பினார். அவருக்குத் தெரிந்து அப்படிக் கேட்ட பிள்ளைகள் இருபது முப்பது பேர் இருந்தார்கள், அதனால்.

சோறு வந்தது, புள்ளி பாதியாகக் குறைந்தது. ஊர்க்காரர்கள் அரிசி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள். பிறகு அறுபதுகளில் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வந்தது, கூடவே அமெரிக்கக் கோதுமை, மக்காச்சோள மாவு, பால் பவுடர். இங்கே முன்வரிசையில் தலை நரைத்து உட்கார்ந்திருக்கிற பல பேர் அந்த உப்புமா சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் சோற்றோடு கூடவே பந்தியும் வந்தது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1920களில் இதே சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். பிராமணப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று தெரிந்து, அது தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். ஐயர் 1925இல் பாபநாசத்து மலையில் கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றப் போய் அவரும் போய்ச் சேர்ந்தார். குருகுலம் முடிந்துபோனது, பந்தி முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து நம் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திலும் மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு கோடு, காலனிப் பிள்ளைகள் தள்ளி ஒரு கோடு. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் அப்படித்தான் உட்கார்ந்தன.

ஆச்சி பேசியெல்லாம் பார்க்கவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. டீச்சர் பக்கத்தில் உட்கார எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. ஒரு மாதத்தில் கோடு கோணலாகி, எது எந்தக் கோடு என்றே தெரியாமல் போனது.

இதோடு நிறுத்தினால் கை தட்டுவீர்கள். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மாமியார் வாசலில் நிற்பார்கள். புறவாசல் வழியாக வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். ஆச்சி ஊற்றிக்கொண்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாமியார் இருந்த வரைக்கும். 'ஏன் ஆச்சி எதிர்த்துப் பேசல?' என்று நான் காலேஜ் படிக்கும்போது கோபமாகக் கேட்டேன். 'பேசியிருந்தா வேலைக்குப் போவாதேன்னுருப்பாவ. குளிச்சா சளிதான பிடிக்கும்' என்றார். எனக்கு அந்தப் பதில் அன்றைக்கும் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

சரி, பீடிக்கு வருகிறேன். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று நம் பக்கம் முழுக்கப் பீடிதான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் 'பிள்ளைக்குப் பாடத் தெரியுமா?' என்று கேட்பதற்கு முன்னால் 'பீடி சுத்தத் தெரியுமா?' என்று கேட்ட ஊர் இது. கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, அளவுத் தகடு வைத்து வெட்டி, சுளகை மடியில் போட்டு உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் எழுந்திருக்க முடியாது. சுற்றுவது அம்மா. முனை மடக்குவதும், இருபத்தைந்தாக எண்ணிக் கட்டுவதும் சின்னப் பிள்ளைகள். மடக்குவதற்குச் சின்ன விரல்தான் தோது.

ஒரு வீட்டில் அந்த அம்மா சொன்னாராம்: 'இவ மடக்கலன்னா எனக்கு ஆயிரம் தேறாது டீச்சர். தேறலன்னா கடைக்காரன் ஏசுவான்.'

'சரி. அந்தச் சுளவ இங்க தள்ளு. நான் மடக்குதேன். ஏட்டி, நீ புஸ்தகத்த எடுத்து வாசி.'

திண்ணையில் உட்கார்ந்து ஆச்சி பீடி மடக்க, அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று பாடம் வாசித்தது. மூன்று நாள் இப்படி நடந்தது. வீட்டுக்கு வந்தால் விரலில் புகையிலை நாற்றம், தாத்தா மூக்கைச் சுளிப்பார். நாலாவது நாள் அந்த அம்மாவே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். மனசு மாறி வரவில்லை. 'டீச்சர், நீங்க மடக்குனதெல்லாம் கழிவுல போட்டுட்டான். இனிமே வராதிய. பிள்ளைய நானே அனுப்பி வைக்கேன்' என்று கும்பிட்டிருக்கிறார். ஆச்சியின் சொதியைச் சாப்பிட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தலைவர் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றைச் சொல்லிவிட்டு நோட்டுக்கு வருகிறேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. ணா, லை, னை என்று பதின்மூன்று எழுத்து மாறிப்போனது. அதற்கு முன் 'யானை' என்று எழுதினால் கடைசி எழுத்துக்கே துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ஆச்சி அந்தத் துதிக்கையைக் காட்டித்தான் ஒன்றாம் வகுப்புக்கு யானை சொல்லிக்கொடுப்பார். அரசாணை வந்த பிறகு கரும்பலகையில் ஒழுங்காகப் புது எழுத்துத்தான் எழுதினார். வீட்டில் பால் கணக்கு எழுதும்போது கடைசி வரை துதிக்கையோடுதான் எழுதினார். இந்த நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

நோட்டில் இருப்பது பேர்கள். தேடிப் போயும் திரும்பி வராத பிள்ளைகளின் பேரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டி வருமல்லவா? நீக்குவதற்கு முன் இதில் எழுதிக்கொள்வார். பேருக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி. பேர்களை நான் வாசிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு பேர் இதில் இல்லாதது பற்றிச் சொல்கிறேன். அது என் அம்மாவின் பேர்.

அம்மா முன்வரிசையில் இருக்கிறார். சொல்லலாமா என்று காலையில் கேட்டேன், 'சொல்லு' என்றார். அம்மா இதே பள்ளிக்கூடத்தில், ஆச்சியின் வகுப்பிலேயே படித்தவர். ஒரு நாள் காய்ச்சலில் வீட்டில் படுத்துக் கிடந்திருக்கிறார். அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். 'அன்னைக்கு வராத பிள்ள அஞ்சு பேரு. மத்தியானம் நாலு வீட்டுக்குப் போயிட்டு நேரே வகுப்புக்குப் போயிட்டா. அஞ்சாவது வீடு எங்க வீடு.' அம்மா இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவர் இல்லை. ஆச்சியும் இதற்கு ஒரு நாளும் சமாதானம் சொன்னதில்லை. அம்மா இந்தப் பேச்சை எடுத்தால், எழுந்து போய் அம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவருவார். அதுவும் நன்றாக இருக்காது. அம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பார்.

நோட்டில் உள்ள ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவர். அவருடைய அம்மா தவறிப்போய், கீழே மூன்று தம்பி தங்கைகள். சுளகு அந்தப் பிள்ளையின் மடிக்கு வந்துவிட்டது. ஆச்சி போய்ப் போய்ப் பார்த்து, கடைசியில் நோட்டில் எழுதினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஆச்சி ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தார். ராத்திரி அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுத் திண்ணைக்குப் போவார். துணைக்கு நான். பத்துப் பன்னிரண்டு பெண்கள், எல்லார் மடியிலும் சுளகு. கை சுற்றிக்கொண்டே இருக்கும், கண் மட்டும் அட்டையில். படித்ததை மறந்துவிட்டோம் என்று வெட்கப்பட்டு அந்த அக்கா தூண் மறைவில்தான் உட்காருவார். ஆறு மாதம் இருக்கும். ஒரு நாள் பீடிக்கடை பாஸ் புத்தகத்தை எடுத்துவந்து ஆச்சியிடம் காட்டினார். முந்தின வாரம் வரை கட்டைவிரல் ரேகை. அந்த வாரம் முழுப் பேரும், இனிஷியலோடு கையெழுத்து. மை இரண்டு இடத்தில் கசிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நானே ஓடிப்போய் இந்த நோட்டை எடுத்துவந்தேன், ரப்பரோடு. 'ஆச்சி, அந்த அக்கா பேர்ல உள்ள புள்ளிய அழிச்சிரலாம்லா?'

ஆச்சி நோட்டை என் கையிலிருந்து வாங்கினார்.

'அவ எங்கட்டி வந்தா? நாம்லா போனேன்.'

நோட்டைப் பரணில் வைத்துவிட்டு, விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.