எதிர்பார்த்து வருவதே இனிமை

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஹட்டன் பெருமக்களுக்கும் வணக்கம். வாழ்க்கைக்குச் சுவை சேர்ப்பது எதிர்பாராமல் வருவதா, எதிர்பார்த்து வருவதா என்பது இன்றைய கேள்வி. நான் எதிர்பார்த்து வருவதன் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். கொழும்பில் கடையில் நிற்கும் பையன், "தீபாவளிக்கு லீவு இல்லம்மா" என்று போனில் சொல்லிவிட்டு, இரவு மெயில் ரயிலில் ஏறி விடியும்போது லயத்து வாசலில், அதுதான் நம் தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், வந்து நின்றானாம். அம்மா கண்ணில் ஆனந்தக் கண்ணீராம். சரி. ஆனால் தம்பி, அதற்கு முந்தின ஒரு வாரம் அந்த அம்மா எப்படி இருந்திருப்பாள்? பக்கத்துக் காம்பராக்காரி, அடுத்த அறையில் குடியிருப்பவள், "மகன் வரலையா?" என்று கேட்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். பலகாரம் சுட மனசு வந்திருக்காது. ஒரு வாரத்து அழுகையைக் கொடுத்து ஒரு நிமிடச் சிரிப்பை வாங்கியிருக்கிறாள். வந்தவனுக்கு மட்டும் என்ன கிடைத்தது? ரொட்டியும் கட்டச் சம்பலும். வருகிறேன் என்று சொல்லியிருந்தால் கோழி அடித்திருப்பார்கள்!

அந்தக் கதையில் நிஜமாக அனுபவித்தவன் பையன்தான். நாவலப்பிட்டி தாண்டும்போதே அம்மா முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்திருப்பான். அவனுக்கு எல்லாம் முன்னமே தெரியும். அவனுடையது எதிர்பார்த்த மகிழ்ச்சி! ஆச்சரியம் என்று நீங்கள் கொண்டாடுவதில் ருசி முழுக்க விஷயம் தெரிந்தவன் பக்கம். தெரியாதவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எதிரணித் தலைவர் மூளை ஆராய்ச்சியெல்லாம் எடுத்து வைத்தார். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின என்றார். உண்மைதான். ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டாரே! சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, துள்ளல் சாற்றைவிட்டு விளக்குக்கு மாறிவிட்டது. அதோடு முடியவில்லை. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், அதே நரம்பணுக்கள் வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கிப் போயின. எதிர்பாராதது என்றால் கிடைக்காமல் போவதும் அதில் சேர்த்திதானே?

கைக்குழந்தையிடம் முந்தானையால் முகத்தை மூடித் திறந்து விளையாடுகிறோம். குழந்தை கெக்கெக்கென்று சிரிக்கிறது. 1989இல் பரட், கிளைட்மன் என்ற இருவர் இதையே ஆய்வு செய்தார்கள். மறைந்த ஆளே திரும்ப வந்தபோது குழந்தை நன்றாகச் சிரித்தது. இடையில் ஆளை மாற்றி வேறொருவர் எட்டிப் பார்த்தபோது சிரிப்பு குறைந்தது. அம்மாதான் வருவாள் என்ற நிச்சயத்தில் வந்த சிரிப்பு அது. நம் தொல்காப்பியரும் எண்வகை மெய்ப்பாட்டை வரிசைப்படுத்தும்போது மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, பக்கத்தில் அச்சத்தை உட்கார வைத்தார், உவகையைக் கடைசிக்குத் தள்ளினார். வரிசையை வைத்தெல்லாம் வழக்காடுகிறானே என்று நடுவர் சிரிக்கிறார். சரி, அதை விட்டுவிடுகிறேன்.

மன்மதன் எரிந்த கதையை நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்கு வருவோம். மாசி மாதம் கம்பம் நட்டதிலிருந்து, தேயிலை மலைக்கு வேலைக்குப் போய் வந்த கால் வலியோடு இரவிரவாகப் போய் உட்காருகிறோமே, என்ன நடக்கும் என்று யாருக்காவது தெரியாதா? மதன் தவத்தைக் கலைக்கப் போவான், சிவன் நெற்றிக் கண்ணைத் திறப்பார், ரதி அழுவாள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் தூதன் ஓலையோடு ஓடி வரும்போது பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். மதன் எரிக்கப்படும் நேரம் நெருங்க நெருங்கத் தப்புச் சத்தம் வயிற்றுக்குள் இறங்குகிறது. ரதியின் ஒப்பாரி தொடங்குமுன்பே ஆச்சிமார் முந்தானையை எடுத்துக் கண்ணோரம் வைத்துக்கொள்கிறார்கள். முடிவு தெரியாததால் அழுகிறார்களா? தெரிந்ததால் அழுகிறார்கள். அடுத்த மாசியிலும் அதே இடத்தில் வந்து அழுவார்கள்.

இனிக் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். என் அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்தவர். நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போதே தோளில் இழுக்கிற பாரத்தை வைத்து, "இன்னைக்கு 18 கிலோ இருக்கும்" என்று சொல்லிவிடுவார். அவர் கணக்கு பெரும்பாலும் பிசகாது. தராசில் முள் நிற்கும். முள் ஆட்டம் அடங்குமுன்பே சாக்குக்கு இவ்வளவு கழிவு, தண்ணிக்கு இவ்வளவு கழிவு என்று கணக்கப்பிள்ளை எழுதி முடித்திருப்பார். அன்றைக்குக் கழிவு எவ்வளவு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். முழுநாள் சம்பளமான முழுப்பேரா, பாதிச் சம்பளமான அரைப்பேரா என்று அவர் எழுதிய துண்டைப் பார்க்கும் வரைக்கும் அம்மாவுக்கு எல்லாமே எதிர்பாராததுதான். வாழ்க்கைக்கு அது என்ன சுவை சேர்த்தது என்று எதிரணி சொல்லட்டும்.

பெரிய துண்டுகளும் வந்தன. 1964 ஒக்டோபர் 30இல் டில்லியில் இந்தியாவின் பிரதமரும் இலங்கையின் பிரதமரும் நம் மலையகத் தமிழரைப் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. அந்தக் கணக்கில் ஒரு தலையாக நின்றவரிடம் எவரும் கேட்கவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் திடீரென்று தடை வந்ததே, மரக்கறித் தோட்டக்காரர் எவராவது சந்தோஷத்தில் துள்ளினாரா?

மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. நமக்கு வந்த எதிர்பாராத செய்திகளைப் புரட்டிப் பாருங்கள், யாரோ ஒருவர் எங்கேயோ அதை முன்னமே அறிந்திருப்பார்.

பிறந்தநாளுக்குக் கேக்கை ஒளித்து வைத்து விளக்கை அணைத்து விளையாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இருட்டில் நிற்பவர்கள் நம்மவர்கள் என்று தெரிந்திருப்பதால்தான் அந்த வேடிக்கை இனிக்கிறது. அந்தத் தெரிதலும் என் கட்சிதான், ஐயா.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். இன்றைக்கு இரவு வீட்டுக்குப் போகிறீர்கள். வாசலில் ஒரு கடிதம் கிடக்கிறது. தோட்ட ஒபிஸ் முத்திரை இருக்கிறது, உள்ளே என்ன என்று தெரியாது. கையில் எடுக்கும்போது முதலில் வருவது ஆசையா, பயமா? அதைச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தை ஆரம்பியுங்கள்.