கன்யே மக்கள் மந்தை இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'போட்ஸ்வானாவின் கன்யே தொகுதியில் 1969இல் வென்றது அரச வம்சமா, வாக்காளரின் சுயபுத்தியா?' சுயபுத்தி என்ற அணிக்குப் பேச வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "நாற்பது வருஷம் குனிந்த தலை ஓட்டுப்பெட்டியைப் பார்த்ததும் நிமிர்ந்துவிடுமா? மேய்ப்பன் முன்னால் போனான், மந்தை பின்னால் போனது." நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் தெற்கே கன்யே, பங்வகெட்சே மக்களின் தலையூர். ஊரைத் தாண்டினால் சோளக் கொல்லைகள், அதையும் தாண்டினால் மாட்டுப்பட்டிகள். ஊருக்கு அரசர் இரண்டாம் பத்தோயென். அங்கே அரசரைக் கோசி என்பார்கள். 1928இல் பட்டத்துக்கு வந்தவர். வம்சம் லேசுப்பட்டதல்ல. அவருடைய தாத்தா முதலாம் பத்தோயென், 1895இல் வேறு இரண்டு கோசிகளோடு கப்பலேறி லண்டனுக்கே போய், எங்கள் நாட்டை சிசில் ரோட்ஸ் என்ற ஆங்கிலேய முதலாளியின் கம்பெனி கையில் ஒப்படைக்காதீர்கள் என்று வாதாடியவர்.

அதே ஊரில் இன்னொருவர், குவெட் மசீரே. 1925இல் பிறந்தவர், அரச குடும்பம் இல்லை. 1950இல் அங்கே உயர்நிலைப்பள்ளி தொடங்கியபோது தலைமை ஆசிரியர் அவர்தான். பள்ளி நிர்வாகத்தில் கோசி தலையிட்டார். மசீரே சும்மா இருக்கவில்லை, ஆசிரியர் சங்கத்தைத் தட்டி எழுப்பி எதிர்த்து நின்றார். அப்புறம் வாத்தியார் விவசாயத்தில் இறங்கினார். 1957இல் முதன்மை விவசாயி என்ற சான்றிதழ் வாங்கினார். வானம் பார்த்த பூமியில் அந்த வட்டாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி விளைவித்தார். கொல்லைக்கு வேலியும் போட்டார்.

அந்த வேலியில்தான் வந்தது வினை! பொது நிலத்தை எப்படி அடைக்கலாம் என்று சொல்லி, கோசி அவருடைய நிலத்தைப் பறித்துவிட்டார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொல்லையைக் கொடுப்பதும் கோசி, எடுப்பதும் கோசி. வழக்கு சொல்ல ஊர் மன்றமான கோட்லாவுக்குப் போனால், அங்கே நடு இருக்கையில் உட்கார்ந்திருப்பவரும் அதே கோசி! உழுது, விதைத்து, காவல் காத்த நிலத்தை இழந்து நிற்கிறார் ஒரு மனிதர். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1965. சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம், நாட்டின் முதல் பொதுத்தேர்தல். பின்னாளில் நாட்டின் முதல் ஜனாதிபதியான செரெட்சே காமாவும் மசீரேயும் சேர்ந்து வளர்த்த ஜனநாயகக் கட்சி களத்தில் நிற்கிறது. அதன் சின்னம் என்ன தெரியுமா? ஜாக்கி! லாரிக்கு டயர் மாற்றும்போது அடியில் கொடுத்துத் தூக்குகிறோமே, அதே ஜாக்கி. 31 இடங்களில் 28 ஜாக்கிக்கு. கன்யேயில் ஜெயித்தது யார்? நிலம் பறிபோன அந்த வேலிக்காரர், மசீரே!

ஐயா, இப்போது உங்களைக் கேட்கிறேன். அன்றைக்குக் கோசி செத்துவிட்டாரா? நாடு கடத்திவிட்டார்களா? இல்லை, அதே ஊரில் அதே இருக்கையில் பட்டத்தோடு இருந்தார். அவர் யாருடைய நிலத்தைப் பறித்தாரோ, அதே மனிதரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வைத்தது அந்த ஊர். மேய்ப்பன் கண்ணெதிரில் மந்தை இப்படிச் செய்யுமா? நாற்பது வருஷம் குனிந்த தலை என்றீர்களே, 1965இலேயே நிமிர்ந்த தலை ஐயா அது!

இனி 1969க்கு வருவோம். இடையில் புது அரசு சட்டம் மேல் சட்டம் போட்டது. நிலம் கொடுக்கும் அதிகாரத்தைக் கோசிகளிடமிருந்து நில வாரியங்களுக்கு மாற்ற 1968இல் சட்டம் வந்தது. அலைந்து திரியும் ஆளற்ற மாடுகளும் கோசி கையை விட்டு மாவட்ட மன்றத்துக்குப் போயின. மாடு என்றால் அங்கே சொத்து, சீர், மரியாதை எல்லாமே அதுதான். அதுவும் 1960களின் பஞ்சத்தில் நாட்டின் மாடுகளில் மூன்றில் ஒரு பங்கு செத்து விழுந்த பிறகு, மிஞ்சியதில் ஒன்று வழி தவறிப் போனால் அந்த வீட்டில் சோறு இறங்குமா? நேற்றுவரை தெரிந்த பட்டியில் போய்த் தேடினார்கள். இனி அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். கோபம் வராதா?

பத்தோயென் ஒரு காரியம் செய்தார். நாற்பத்தொரு வருஷம் இருந்த பட்டத்தைத் துறந்து மகனிடம் கொடுத்தார். மாஸ்கோவில் படித்து வந்த கென்னத் கோமா தொடங்கிய தேசிய முன்னணி என்ற எதிர்க்கட்சியில் சேர்ந்தார். அரசரும் மார்க்சியரும் ஒரே மேடையில்! அக்டோபரில் தேர்தல். துணை ஜனாதிபதி, நிதியமைச்சர், ஆளுங்கட்சியின் தூண் மசீரே, பிறந்த ஊரிலேயே பத்தோயெனிடம் தோற்றார். நாட்டையே தூக்கிய ஜாக்கியைக் கன்யே கழற்றிக் கீழே வைத்தது.

பார்த்தீர்களா, கடைசியில் அரசர்தானே ஜெயித்தார் என்கிறீர்கள். அரசர் எங்கே ஐயா நின்றார்? பட்டம் இருந்தவரை அவர் சொல் ஓட்டாக மாறவில்லை. பட்டத்தைக் கழற்றிவிட்டு, வேட்பாளராக வந்து கேட்ட பிறகுதான் போட்டார்கள். மக்களால்தான் அரசன் அரசன் என்பது செட்ஸ்வானா மொழிப் பழமொழி. கன்யே மக்கள் அதைப் பெட்டியில் போட்டு எண்ணியே காட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததையும் கேளுங்கள். தோற்றவரைச் சிறப்பு உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்தார் செரெட்சே. 1972இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. ஜனாதிபதி ஆக இனி எந்தத் தொகுதியிலும் ஜெயித்து வரத் தேவையில்லை என்றார்கள். இதையும் கன்யே தோல்வியையும் சேர்த்துப் பேசாத போட்ஸ்வானா அரசியல் வரலாறு குறைவு. மந்தைக்குப் பயந்து யாராவது அரசியலமைப்பைத் திருத்துவார்களா? 1980இல் மசீரே ஜனாதிபதியாகி 1998 வரை ஆண்டார், நன்றாகவே ஆண்டார். அதை மறுக்க நான் வரவில்லை. பத்தோயென் 1980களின் நடுப்பகுதி வரை கன்யேயின் உறுப்பினராக எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். அந்தத் தேசிய முன்னணியை மையமாகக் கொண்ட கூட்டணிதான் 2024இல் ஆட்சியைப் பிடித்தது. 58 வருஷம் ஆண்ட ஜாக்கிக் கட்சிக்குக் கிடைத்தது நான்கு இடம்.

நடுவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் கன்யேயின் ஆண்கள் ஏராளமானோர் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இருந்தார்கள். ஊரில் இருந்தது யார்? பெண்கள். கொல்லையை உழுதவள் அவள், தண்ணீர் சுமந்தவள் அவள், பஞ்சத்தில் பிள்ளைக்குக் கஞ்சி தேடியவள் அவள். ஆனால் கோட்லாவில் அவள் பேசுகிற வழக்கம் இல்லை. நிலத்தைப் பற்றி, மாட்டைப் பற்றி, தன் பிள்ளையைப் பற்றி ஆண்கள் முடிவெடுப்பார்கள், அவள் கேட்டுக்கொள்ள வேண்டும். அவளுடைய அம்மாவும் அப்படித்தான், பாட்டியும் அப்படித்தான். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து அவள் போட்டாளே ஓர் ஓட்டு, அது கோசியின் ஓட்டுக்கும் துணை ஜனாதிபதியின் ஓட்டுக்கும் சமம். பிறந்ததிலிருந்து யாரும் அபிப்பிராயம் கேட்காத ஒருத்தியிடம், 1965இல் முதல் தடவையாக அவளுடைய நாடு கேட்டது. அவள் சொன்னாள். நான்கு வருஷம் கழித்து மறுபடி கேட்டது. அவள் மாற்றிச் சொன்னாள்! அவளையா ஐயா மந்தை என்றீர்கள்? உங்கள் தாயை, என் தாயை யாராவது அப்படிச் சொன்னால் இந்தச் சபை பொறுக்குமா?

நடுவர் அவர்களே, தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், தலைவணங்கி ஏற்கிறேன். அதற்கு முன்னால், மந்தை என்ற அந்த ஒரு வார்த்தையை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். வணக்கம்.